காய்ச்சல் இறங்காத தெர்மாமீட்டர்

இன்று காலை மேஜை இழுப்பறையில் கத்தரிக்கோலைத் தேடியபோது உன் தெர்மாமீட்டர் கையில் அகப்பட்டது. அதற்கு இன்னமும் நூற்றெட்டு டிகிரி காய்ச்சல். எத்தனை உதறினாலும் பாதரசம் துண்டாக உச்சியில் உட்கார்ந்துகொண்டு இறங்க மறுக்கிறது. வைத்தியம் பார்க்க வந்து நிரந்தர நோயாளியாகிப்போன அதைப் பார்த்ததும், டில்லி முனிர்காவில் நாமிருவரும் பொரிந்துகொண்டிருந்த அந்த ஜூன் மாதம் நினைவுக்கு வந்துவிட்டது.

நீ திருநெல்வேலிப் பக்கம், நான் கும்பகோணம். மொட்டை மாடிக்கு நேர் கீழே அறை. நல்ல காற்றோட்டம் என்று சொல்லித்தான் வீட்டுக்கார சௌத்ரி நம் தலையில் கட்டினார். பொய் சொல்லக்கூடாது, காற்று வந்தது. தந்தூர் அடுப்புக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தது.

கரோல் பாக்கில் ஒரு தமிழ்க் குடும்பத்தின் கல்யாண வீடியோவை வெட்டி ஒட்டி சிடியில் தருவதாக நீ ஒப்புக்கொண்டிருந்தாய். அதுதான் உனக்குக் கிடைத்த முதல் வேலை. பெண்ணும் மாப்பிள்ளையும் ஞாயிற்றுக்கிழமை வெளிநாடு கிளம்புகிறார்கள். அதற்குள் முடிக்க வேண்டும். இதுவும் கைகூடாவிட்டால் டில்லிக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு மாமாவின் உரக்கடையில் உட்காருவதாக வீட்டில் வாக்குக் கொடுத்திருந்தாய். யூரியா மூட்டைகளுக்கு நடுவே உன்னைக் கற்பனை செய்து நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை.

நம் கம்ப்யூட்டரோ மாட்டுவண்டி. ப்ராசஸரை அதற்கு விதித்த வேகத்துக்கு மேல் ஓட்டலாம், அதற்கு ஓவர்கிளாக்கிங் என்று பெயர் என்று சைபர் கஃபேயில் படித்துவிட்டு வந்தோம். வேகம் கூடினால் சூடும் கூடும், சூடு மிஞ்சினால் இயந்திரம் படுத்துவிடும் என்றும் போட்டிருந்தது. ஆகவே ப்ராசஸரின் சூட்டைக் காட்டும் மென்பொருள் ஒன்றைத் திரையின் மூலையில் குடியமர்த்தினோம். முப்பத்தெட்டு டிகிரி என்றது. சந்தோஷத்தில் நமக்குத் தலைகால் புரியவில்லை.

ஆனால் வெட்டி ஒட்டிய வீடியோவை ஒரே கோப்பாக்க ஓடவிட்டால், மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுப்பதற்குள் கம்ப்யூட்டர் அணைந்துவிடும். மறுபடி ஓட்டினால் மறுபடி அணையும். மெமரியைச் சந்தேகித்தோம். முனிர்கா மின்சாரத்தைச் சந்தேகித்தோம். நான் ஒரு படி மேலே போய் முகூர்த்த நேரத்தையே சந்தேகித்தேன். சூட்டின் மேல் மட்டும் சந்தேகம் வரவில்லை, அதுதான் முப்பத்தெட்டாயிற்றே. சௌத்ரி வீட்டு டெலிபோனுக்குப் பெண்ணின் அப்பா கூப்பிட்டு, “ஏம்ப்பா, எம் பொண்ணுக்குக் கல்யாணம் ஆயிடுத்தா இல்லியா?” என்று விசாரித்தார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கவலையில் உனக்கே உடம்பு சுட்டது. ஊரிலிருந்து அம்மா கொடுத்தனுப்பிய தெர்மாமீட்டரைப் பெட்டியிலிருந்து எடுத்து உதறினாய். பார்த்தாய். திரும்ப உதறினாய்.

“என்னல இது, வாயில வைக்கதுக்கு முந்தியே நூத்தெட்டு காட்டுது.”

“நூத்தெட்டுன்னா விசேஷம்டா, அர்ச்சனையே பண்ணிடலாம்” என்றேன். எனக்கு எதற்கும் நேரம் காலம் தெரியாது என்று என் மனைவி இன்று சொல்வதை நீ அன்றே ஒரு பார்வையில் சொன்னாய்.

பிறகு தெர்மாமீட்டரையும் திரையையும் மாறிமாறிப் பார்த்தாய். நூற்றெட்டு என்பது சென்டிகிரேடில் நாற்பத்திரண்டு. அறையே அவ்வளவு.

“அடுக்களை நாப்பத்திரெண்டு, எரியுத அடுப்பு முப்பத்தெட்டா? இவன் பொய் சொல்லுதாம்ல.”

கேபினெட்டைத் திறந்து, மின்விசிறியைக் கழற்றி, ப்ராசஸரை மெல்லத் தூக்கினாய். அது உட்காரும் குழியில் கடுகளவு சென்சார் ஒன்று. ப்ராசஸரின் வயிற்றைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டிய அது, கால் மடங்கிக் கீழே படுத்திருந்தது. போதாததற்கு நாம் அந்த மென்பொருளில் வேறு ஏதோ மதர்போர்டின் பெயரைத் தேர்ந்தெடுத்திருந்தோம். தூங்குகிறவன் சொன்ன சாட்சியைத் தப்பான மொழிபெயர்ப்பில் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறோம். பல்குச்சியால் அதை எழுப்பி நிறுத்தினாய். சூடு கடத்தும் வெள்ளைப் பசை ஒரு பொட்டு வைத்தாய். கம்ப்யூட்டர் உயிர்பெற்றதும் நிஜம் வந்தது: எழுபத்தொன்பது.

அந்த எண்ணைப் பார்த்து நான் கம்ப்யூட்டரை அணைக்கப் போனேன். உன் முகத்திலோ அந்த வாரத்தின் முதல் சிரிப்பு. “தொட்டுப் பாக்காதவன் சொல்லுத கணக்க நம்பக்கூடாதுல” என்றாய். வேகத்தை ஒரு படி குறைத்தாய். நம்மிடமிருந்த ஒரே மேஜை விசிறியைக் கம்ப்யூட்டருக்குத் தாரை வார்த்துவிட்டு, நாம் வேர்வையில் குளித்தோம். சூடு அறுபத்தொன்றில் நின்றது. சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே மாப்பிள்ளை தாலியைக் கட்டிவிட்டார். கைக்கு அட்சதை அகப்படாததால் நீ தட்டிலிருந்த பொரியைத் திரையின் மேல் எறிந்தாய்.

மறுநாள் கொண்டுபோய்க் கொடுத்தாய். சம்பந்தியம்மாள் முகத்தைச் சுளித்த இடங்களையெல்லாம் நீ வெட்டியிருந்ததைப் பெண்ணின் அப்பா கவனித்துவிட்டார். அந்த நன்றியில் கரோல் பாக்கின் பாதிக் கல்யாணங்களை உன் பக்கம் தள்ளிவிட்டார். உரக்கடை வேறு ஆளைப் பார்த்துக்கொண்டது.

நீ கண்ணை மூடியபின் வரும் இரண்டாவது கோடை இது. உன் ஸ்டூடியோவை உன் மகள்தான் நடத்துகிறாள். தெர்மாமீட்டரைக் கையில் வைத்துக்கொண்டே அவளுக்குப் போன் போட்டேன். புதுக் கம்ப்யூட்டர் அடிக்கடி அணைகிறதாம், நாளை ஒரு கல்யாணத்தைக் கொடுத்தாக வேண்டுமாம். ஆனால் “டெம்பரேச்சர் எல்லாம் டீக், சரியாத்தான் இருக்கு அங்கிள், தர்ட்டி ஃபோர்தான் காட்டுது” என்றாள்.

“ரூம்ல எவ்வளவும்மா?” என்று மட்டும் கேட்டேன்.

நாற்காலியை நகர்த்திச் சுவர் வெப்பமானியைப் பார்க்க எழுந்துபோகும் சத்தம் கேட்டது. பிறகு, “அரே... ஏசி ஓடலை அங்கிள், ரூமே ஃபார்ட்டி!” என்று சிரித்தாள். உன் சிரிப்பு, அப்படியே. பின்னாலேயே, ஸ்க்ரூ டிரைவரை ஜல்தியாகக் கொண்டுவரச் சொல்லி யாரையோ விரட்டும் குரல் கேட்டது.

தெர்மாமீட்டரைத் திரும்ப இழுப்பறையில் வைத்தேன். உதறிப் பார்க்கவில்லை. பாதரசம் அங்கேயே நிற்கட்டும்.