ஆறாம் கட்டிலில் போர்வைக்குள் இருந்தவர்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம், இந்தத் தடவை அதை ஒப்புக்குச் சொல்லவில்லை. நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, நைட் டியூட்டி முடிந்ததும் போனை நோண்டாமல் தூங்குகிறாய் என்று நம்புகிறேன். அப்பாவுக்கு நெஞ்சுச் சளி முற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்ததைச் சொன்னேன், அங்கே நடந்ததைச் சொல்லவில்லை. போனில் சொன்னால் நீ அழுவாய், நான் அதட்டுவேன், எதற்கு வம்பு.

வார்டில் ஒரு நர்ஸ், ஒற்றை மாத்திரை என்றாலும் நோயாளி வாயாலேயே பெயரும் பிறந்த தேதியும் கேட்டு, கையில் கட்டிய பட்டையோடு ஒத்துப் பார்த்துத்தான் கொடுப்பாள். அப்பா அவளுக்குக் கேள்வி நர்ஸ் என்று பட்டமே கட்டிவிட்டார். "காலையில சொன்ன பேர்தாம்மா, இன்னும் மாத்தல" என்று நக்கல் வேறு. நீயும் நர்ஸ்தானே, போன மாதம், பெயர் கேட்டே நேரமாக்குகிறேன் என்று உன் வார்டு நோயாளிகள் புகார் சொல்கிறார்கள், பெரிய நர்ஸும் கடுகடுக்கிறாள், இனி கேட்கப் போவதில்லை, இல்லாவிட்டால் வேலையையே விட்டுவிடுவேன் என்று சொன்னாயே, அப்போது "தெரிஞ்ச மூஞ்சிகிட்ட என்னத்தப் பேரு கேக்குறது, கொஞ்சம் அனுசரிச்சுப் போம்மா" என்றதும் இதே மனுஷன்தான். மூன்றாம் நாள், ஃபேன் தலைக்கு நேரே சுற்றுகிறது, குளிருகிறது என்று ஒரே பிடிவாதம். பக்கத்து ஆறாம் கட்டிலில் சர்க்கரைக்காரர், பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், தனக்கு வேர்த்துக் கொட்டுகிறது, மாறிக்கொள்ளலாம் என்றார். இரண்டு பேரும் யாரிடமும் சொல்லாமல் தலையணையைத் தூக்கிக்கொண்டு இடம் மாறிவிட்டார்கள். நானும் செருப்பை எடுத்து இந்தப் பக்கம் வைத்தேன். கால்மாட்டில் தொங்கிய அட்டைகள் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தன.

பஸ்காரர் பாத்ரூம் போயிருந்தார். அப்பா அவர் கட்டிலில் தலையோடு போர்த்திக்கொண்டு கிடந்தார். கேள்வி நர்ஸ் இன்சுலின் ஊசியோடு வந்து அட்டையைப் பார்த்துவிட்டுப் பெயர் கேட்டாள். போர்வைக்குள்ளிருந்து கை மட்டும் நீண்டது, "அதான் அட்டையில போட்டிருக்கே, குத்திட்டுப் போம்மா" என்று குரல். அவள் நகரவில்லை, "நீங்க சொன்னாத்தான் போடுவேன்" என்றாள். அப்பா எரிச்சலில் வார்டே கேட்கப் பெயரையும் தேதியையும் கத்தினார். அவள் போர்வையை விலக்கி முகத்தைப் பார்த்தாள், பட்டையைப் படித்தாள், ஊசியைத் தட்டில் வைத்துவிட்டாள். அது பஸ்காரருக்கு வந்த ஊசி என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. பிறகு டாக்டர் சொன்னார், சர்க்கரையே இல்லாதவர், இரண்டு நாளாக வாயில் எதுவும் வைக்காதவர், அது உள்ளே போயிருந்தால் அப்படியே நினைவு தப்பியிருப்பாராம். நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேனடி, பாவம் அசந்து தூங்குகிறார் என்று யாரையும் எழுப்பக்கூட விட்டிருக்க மாட்டேன்.

இப்போது வீட்டில் நான் மாத்திரையை நீட்டினால், தானாகவே பெயரும் பிறந்த தேதியும் ஒப்பித்துவிட்டுத்தான் வாயைத் திறக்கிறார். கட்டிக்கொண்டவளிடமே இந்தக் கூத்து. உன்னிடம் பேசப் போனை எடுத்தவர் அப்படியே வைத்துவிட்டு, என்னை எழுதச் சொன்னார்: "கேக்கச் சொல்லு. எவன் திட்டினாலும் கேக்கச் சொல்லு."

உடம்பைப் பார்த்துக்கொள் கண்ணு, ஒரு குறையும் இல்லாமல் இரு. வேலையை விடுவதும் விடாததும் உன் இஷ்டம், அதில் நான் தலையிடவில்லை. கேட்பதை மட்டும் விடாதே. உன்னைத் திட்டுகிற ஆள் பக்கத்திலும் என்னை மாதிரி ஒருத்தி செருப்பை எடுத்து வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பாள்.

இப்படிக்கு,
அம்மா