நீல நிறத்துக்குள் அண்ணன் நிலம்

3 ஜூன் 2024

பத்தாம் வகுப்புக்குப் பாடம் நடத்த வரைபடம் தேடிக்கொண்டிருந்தபோது எங்கள் ஊரே கிடைத்தது! வெள்ளைக்காரன் காலத்து சர்வே வரைபடம். ஆரணியாற்றுக்குத் தெற்கே மாரியப்பன் அண்ணன் நெல் போடும் இடம் முழுக்க நீலம். அந்தக் காலத்தில் அது ஏரி. இப்போது கரைகூட இல்லை. தொழிற்பேட்டைக்கு எடுக்கப்போவதும் அதே இடத்தையும் அதை ஒட்டிய என் மேட்டையும்தான். அந்தப் பள்ளத்தை மூடினால் வெள்ளம் ஊருக்குள் வரும். திட்டத்தை நிறுத்த வேறென்ன ஆதாரம் வேண்டும்?

5 ஜூன்

பாகம் பிரித்த பிறகு இன்றுதான் அண்ணன் வீட்டுப் படி ஏறினேன். நன்செயைத் தான் வைத்துக்கொண்டு, ஒன்றும் விளையாத மேட்டை என் தலையில் கட்டியவன். ஆத்திரம் ஆறவில்லை. ஆனாலும் அப்பா உழுத நிலம். வரைபடத்தைக் காட்டினேன்.

"நீ படிச்சவ பாப்பா. கூட்டத்துல நீயே பேசிடு."

சம்பூர்ணம் அண்ணி மீன் குழம்பு ஊற்றினாள்.

21 ஜூன்

கருத்துக்கேட்புக் கூட்டத்தில் பேசினேன். ஒரே கைதட்டல். அதிகாரி வரைபடத்தை வாங்கிக்கொண்டு, "ரொம்ப யூஸ்ஃபுல் மேடம்" என்றார்.

9 ஆகஸ்ட்

பாவி, என்ன காரியம் செய்துவிட்டேன்! ஏரி என்றால் அரசு நிலமாம். அதில் கொடுத்த பட்டா செல்லாதாம். நீலத்துக்குள் இருப்பவர்கள் ஆக்கிரமிப்பாளர்கள், இழப்பீடு கிடையாது. திட்டமும் நிற்காது.

ஏரியை மூடக்கூடாது என்றுதானே சொன்னேன் என்று கத்தினேன். "இப்ப அங்க ஏரி எங்கம்மா இருக்கு?" என்று சிரித்தார் அந்த அதிகாரி.

என் மேடு நீலத்துக்கு வெளியே. எனக்கு முழு இழப்பீடு.

10 ஆகஸ்ட்

அண்ணி தெருவில் நின்று மண்ணை வாரித் தூற்றினாள். "எல்லாம் தெரிஞ்சிக்கினு தானடி செஞ்ச! உன் மேட்ட வுட்டுட்டு எங்கள மட்டும் காட்டிக்குடுத்துட்டியே!"

தெரியாது. சத்தியமாகத் தெரியாது — யார் நம்புகிறார்கள்? அண்ணன் அவளை அடக்கவில்லை. அதுதான் எரிகிறது. இவர்களுக்காகவா நாயாக அலைந்தேன்?

18 நவம்பர்

பணம் பேங்கில் ஏறிவிட்டது.

2 டிசம்பர்

அண்ணன் வந்தான். வயலில் லாரி லாரியாக மண் கொட்டுகிறார்களாம். காபி போட்டு வைத்தேன். தரையைப் பார்த்தபடியே மகள் படிப்பைப் பற்றிப் பேசினான்.

"கவிப்பிரியாவுக்கு காலேஜு ஃபீசு கட்டணும் பாப்பா. உனுக்கு வந்ததுல கொஞ்சம்…"

முடிக்க விடவில்லை. இல்லை என்றேன். இருக்கிறது, அவனுக்கும் தெரியும். கொடுத்தால் தெரிந்துதான் செய்தேன் என்று ஆகிவிடாதா? அதனால் மட்டும்தானா? இல்லை. அவன் கேட்டு நிற்பதைப் பார்க்க நன்றாக இருந்தது.

காபியைத் தொடாமல் எழுந்து போனான். ஆறிப்போவதற்குள் நானே எடுத்துக் குடித்தேன்.