வைக்கோலில் இருந்த சீனி

மருமகனே,

இறக்காமத்துப் பக்கம் அறுவடை முடிந்து வைக்கோலைக் கொளுத்துகிறார்கள். அந்தப் புகை கல்முனை வரை நடந்து வந்து என் வீட்டைத்தான் தேடிப் பிடிக்கிறது. யுத்தம் முடிந்துவிட்டது. வயலுக்குப் போகிறவனை இப்போது யாரும் மறிப்பதில்லை. நீதான் இல்லை.

"இந்த வைக்கோலுக்குள்ள சீனி இருக்கு மாமா" என்றாய் அன்றொரு நாள்.

"அப்ப மாடெல்லாம் என்னைப்போல சீனி வருத்தத்துக்குக் குளிசை போடணுமே" என்றேன்.

நீ சிரிக்கவில்லை. பம்பு திருத்துகிறவன் நீ. சண்டைக் காலத்தில் மண்ணெண்ணெய் இல்லாமல் வயல்கள் காய்ந்ததைக் கண்டவன். வைக்கோலைச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறவைத்துக் கழுவி, பச்சைப் பூஞ்சணம் வளர்த்த நீரை ஊற்றி வெதுவெதுப்பாக வைத்தால் சீனியாக உடையும், அதைப் புளிக்கவைத்து வடித்தால் பம்பு ஓடும் என்றாய்.

"சாராயமாடா காய்ச்சுறாய்?" என்றார் உன் உம்மா, என் ராத்தா.

"குடிக்கப்போறது பம்பு, உம்மா."

அது நோன்பு மாதம். மருந்து குடிப்பதால் எனக்கு நோன்பில்லை. ஆகவே அகில உலகத் தலைமைச் சுவைஞராக நானே பதவியேற்றேன். முதல் வாளி வெறும் புளிப்பு. "இனிப்பில தொதல் தோத்துப்போகும்" என்றேன். நோன்பு திறந்ததும் ஆசையாக வாயில் விட்டுத் துப்பினாய். இரண்டாம் வாளிக்கும் அதே கூத்து. மூன்றாவது மெய்யாகவே இனித்தது. மெலிதாக, நாக்கின் ஓரத்தில். சொன்னேன்.

"உங்கட நாக்கை நம்பினா ஒரு பம்பும் ஓடாது மாமா" என்று, வாயில் விட்டுப் பார்க்காமலே வாளியை வேலியோரம் கவிழ்த்தாய். இனி வைக்கோல் மாட்டுக்கே என்றாய்.

நீ போன பிறகு, என் சிறுநீரில் சீனி பார்க்கும் பட்டியை வாளியின் அடியில் மிஞ்சியதில் தோய்த்தேன். நிறம் மாறியது. அப்போதே ஓடிவந்து சொல்லியிருக்கலாம். ஆனால் ஹஜ்ஜுப் பெருநாளுக்குப் பிறகு உனக்குக் கல்யாணம். சபை நடுவே அந்தப் பட்டியை உயர்த்திப் பிடித்து, அரச கட்டளைபோல அறிவிக்க நினைத்தேன். ஆறு கிழமை நீ தோற்ற முகத்தோடு பம்பு கழற்றினாய்; நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு திரிந்தேன்.

பெருநாளுக்கு முன்பே கடல் ஊருக்குள் வந்துவிட்டது.

இன்னமும் புளுகுகிறேன், பழக்கதோஷம். அந்தப் பழக்கமும் களைத்துவிட்டது. ஆனால் ஒருவருக்குரிய நல்ல செய்தியை மட்டும் என்னால் சொல்லாமல் வைத்திருக்க முடிவதில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளை பள்ளிச் சோதனையில் சித்தியடைந்த செய்தி நேற்று என் காதில் விழுந்தது. கழுவாத சோற்றுக் கையோடு அவள் வீட்டு வாசற்படலையில் போய் நின்றேன்.