மூட்டை வேலைக்குக் கிளம்புகிறது

உனக்கு ஃபிளெக்ஸ் வைத்துவிட்டார்கள்டி. ராபர்ட்சன்பேட்டை கல்யாண மண்டபத்து வாசலில், ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு. சனிக்கிழமை காலை ஆட்டோவை விட்டு இறங்கியதும் புது ஃபிளெக்ஸின் மை வாடை மூக்கில் ஏறியது. நிமிர்ந்து பார்த்தால் நீ. உன் பெயர், அதற்குக் கீழே 'நினைவு மாணவர் அனிமேஷன் போட்டி'. படம் நான் எடுத்ததுதான். கொட்டாவி எங்கே ஆரம்பிக்கிறது, தோளிலா தாடையிலா என்று பிள்ளைகளுக்குச் செய்து காட்டினாயே, அன்றைக்கு எடுத்தது. அந்த வாயை மூடிவிட்டார்கள். கம்ப்யூட்டரில் உதட்டை ஒட்டி, பெரிய பொட்டு ஒன்றை வைத்து, உன்னை அடக்க ஒடுக்கமான மனுஷியாக்கி நிறுத்தியிருந்தார்கள். பொம்மைகளுக்கு முகபாவம் செய்து கொடுத்தே காலத்தைக் கழித்தவளுக்கு இந்த கதி.

உன்னைக் கொஞ்சுவதற்காக இதை எழுதவில்லை. யாரைப் போட்டுத் திட்டுவது என்று தெரியவில்லை, ஆளுக்குக் கொஞ்சமாகத் திட்டப் போகிறேன். உனக்கும் பங்கு உண்டு.

முதல் வருஷம் ஞாபகம் இருக்கிறதா? என் பள்ளிக்கூட லேபில் எட்டு கம்ப்யூட்டர், அதில் இரண்டு தட்டினால்தான் எழும். வாரம் ஆறு நாள் விடியற்காலை ரயிலில் பெங்களூர் போய், எந்த நாட்டுப் பிள்ளைகளோ பார்க்கிற கார்ட்டூனுக்கு உழைத்துவிட்டு வருவாய். கடைசியில் ஓடும் பெயர் வரிசையில் உன் பெயர் ஒருநாளும் வந்ததில்லை. மிச்சம் இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையையும் இங்கே கொண்டுவந்து கொட்டினாய். பென் டிரைவில் ஒரு கோணிமூட்டை இருந்தது, நீயே செய்தது. நாலு முனையையும் பிடித்து இழுத்து ஆட்டலாம்.

"கண்ணு, மூக்கு, வாயி ஒண்ணும் கெடையாது. மேல ரெண்டு முனை கையி, கீழ ரெண்டு காலு. இத்த வெச்சிக்கினு என்ன அழ வைங்க பாக்கலாம்" என்றாய் பிள்ளைகளிடம். எல்லாருக்கும் அதே மூட்டை. காலையில் ஒரே ஒரு வரி சொல்வோம், சாயந்திரத்துக்குள் அதை மூட்டை நடித்துக் காட்ட வேண்டும். பேச்சு கிடையாது, பாட்டு கிடையாது.

நடுவராக உன் ஸ்டுடியோ ஆட்களைக் கூப்பிடலாம் என்று நான் சொன்னதற்கு நீ என்னை முறைத்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. "அவுங்க பசங்களோட கைவேலைய பாப்பாங்கடி. எனக்கு மூட்டைய பாக்கறவங்க வேணும்." முன்வரிசையில் மூன்று நாற்காலி போட்டாய். ஒன்றில் கோவிந்தண்ணன், மைன்ஸ் பென்ஷன்காரர். தங்கச் சுரங்கத்துக்குள் ஆட்களை இறக்கும் கேஜின் வாசலில் நின்று, கதவைச் சாத்தி மணியடித்தவர். இரண்டாவதில் ஊரிகம் ஸ்டேஷன் பக்கம் இட்லிக்கடை வைத்திருக்கும் மணியக்கா. மூன்றாவது, அந்த வருஷம் ரயிலில் உன்னிடம் மாட்டிக்கொண்டவர் யாரோ அவர். அனிமேஷன் என்றால் என்னவென்று மூவருக்கும் தெரியாது. படம் முடிந்ததும் மூட்டைக்கு என்ன ஆயிற்று என்று அவர்கள் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். முதல் வருஷம் ஒருவன் மூட்டையைக் குட்டிக்கரணம் அடிக்கவைத்து அமர்க்களம் பண்ணியிருந்தான். மணியக்கா ரொம்பக் கவலையாகக் கேட்டார்: "இன்னாத்துக்கும்மா இப்டி குதிக்குது? எறும்பு கிறும்பு கட்ச்சிடுச்சா?" நீ மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தாய். அந்தப் பையன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனான், மறு வருஷம் வந்து ஜெயித்தான்.

நீ போன பிறகு இரண்டு வருஷம் போட்டி நடக்கவில்லை. கம்ப்யூட்டர்களும் ஒவ்வொன்றாகப் படுத்து, நாலுதான் மிச்சம். அப்புறம்தான் பெங்களூரிலிருந்து ஒரு தனியார் கல்லூரிக்காரர்கள் வந்தார்கள். லேப்டாப் அவர்கள் தருவார்களாம், மண்டபம் பிடிப்பார்களாம், முதல் பரிசு வாங்குகிற பிள்ளைக்கு அவர்கள் கல்லூரியில் ஃபீஸ் இல்லாமல் அனிமேஷன் சீட், ஹாஸ்டலோடு. எனக்கு நாக்கில் எச்சில் ஊறிவிட்டது. மைன்ஸ் கட்டிக்கொடுத்த நம் லைன் வீட்டுப் பிள்ளைகள் நினைத்துக்கூடப் பார்க்க முடியாத சீட். அவர்கள் நீட்டிய பேப்பரில், நடுவர்கள் துறை சார்ந்தவர்களாக மட்டுமே இருப்பார்கள் என்று ஒரு வரி இருந்தது. கவனிக்காமல் போட்டேன் என்று பொய் சொல்ல மாட்டேன். படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்.

போட்டதோடு விட்டேனா? கோவிந்தண்ணனுக்கும் மணியக்காவுக்கும் சொல்லவே இல்லை. நாலு நாள் போனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். இத்தனை நாள் ஆயிற்றே, மறந்திருப்பார்கள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஃபிளெக்ஸைப் பார்த்திருக்கிறார்கள். வந்துவிட்டார்கள்! அண்ணன் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில், அக்கா கடையைச் சாத்திவிட்டுத் தலை நிறையப் பூவோடு. முன்வரிசையில் கோட்டு போட்ட மூன்று பேர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு அக்கா என்னிடம் வந்தார். "எங்க சேரு எங்கம்மா போட்டுகிற?"

"இந்த வருஷம் கொஞ்சம் மாத்திட்டாங்கக்கா" என்றேன். மாத்திட்டாங்களாம். எவனோ மாற்றியதுபோல, எனக்கு அதில் சம்பந்தமே இல்லாததுபோல.

"பரவால்லமா, நாங்க பின்னால குந்திக்கிறோம்" என்று இருவரும் கடைசி வரிசைக்குப் போனார்கள். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும்.

வரியை மட்டும் என்னைச் சொல்லச் சொன்னார்கள். 'மூட்டை வேலைக்குக் கிளம்புகிறது' என்று கொடுத்தேன். சாயந்திரம் திரையில் மூட்டைகள் ஓடின, தாவின, பஸ்ஸில் தொங்கின, மண்டபம் கைதட்டியது. பிறகு ரேவதி செய்தது வந்தது. மாரிகுப்பத்துப் பெண், பி.காம் இரண்டாம் வருஷம். அவள் மூட்டை எழுந்தது, உடம்பை உதறிக்கொண்டது, வாசல்வரை நடந்தது. அங்கே நின்றது. முழுதாக இரண்டு செகண்ட். அந்த நாற்பத்தெட்டு ஃப்ரேமில் அதன் பின்பக்கம் மட்டும் ஒரு நூலளவு வீட்டுக்குள் திரும்புகிறது, மேல் முனை ஒன்று நிலைக்கதவைத் தொட்டபடி இருக்கிறது. பிறகு வெளியே போய்விட்டது.

கோட்டுக்காரர்களில் இளையவர் மைக்கைப் பிடித்தார். "ரெண்டு செகண்ட் டெட் ஃப்ரேம். எனர்ஜி இல்ல. கேரக்டர் ஹேங் ஆகி நிக்குது. நெக்ஸ்ட் இயர் பாக்கலாம், நோடோணா."

கடைசி வரிசையில் கோவிந்தண்ணன் எழுந்து நின்றார். "ஐயா, அது ஹேங்கு ஆவலிங்க. அதோட வூட்ல யாரோ சீக்கா கீறாங்க. உட்டுட்டுப் போவ மனசில்லாம நிக்குது. கேஜுல ஏறச்சொல்ல செல பேரு இப்டிதான் ஒரு கால வெளிய வெச்சிக்கினே நிப்பாங்க. நான் மணியடிக்காம காத்துக்கினு இருப்பேன்."

ரேவதி துப்பட்டாவை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். அவள் அம்மா படுக்கையில் விழுந்து எட்டு மாதமாகிறது என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

"தேங்க்ஸ் ஐயா, உக்காருங்க" என்றார் மைக் பிடித்தவர் சிரித்துக்கொண்டே. அந்தச் சிரிப்புக்கே அறைந்திருக்கலாம். சீட் ஒரு பல்டி மூட்டைக்குப் போயிற்று. முடிவுத் தாளை என்னிடம் நீட்டினார்கள். "போட மாட்டேன்" என்றேன். "பரவால்ல மேடம், உங்க சைன் இல்லாமலே ஆவுது" என்றார்கள். அப்படியானால் உன் பேரை எடுக்கச் சொன்னேன். "ஃபிளெக்ஸ் அடிச்சாச்சே மேடம்!"

அடித்தால் என்ன? பூ கட்டியிருந்த மேஜையிலிருந்து கத்திரிக்கோலை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். நாற்காலியில் ஏறி நாலு கயிற்றையும் அறுத்தேன். சேலையோடுதான், அத்தனை பேர் பார்க்கத்தான். மணியக்கா கீழே நின்று ஃபிளெக்ஸை ஏந்திக்கொண்டார். உன் பேரில் இனி எவனும் போட்டி நடத்த மாட்டான். அடுத்த வருஷம் நம் லேபில், ஓடுகிற நாலு கம்ப்யூட்டரில் நானே நடத்துவேன். அதனால் ரேவதிக்கு சீட் வந்துவிடுமா? வராது. அந்தக் கோபம்தான் தூக்கத்தில்கூடப் பல்லைக் கடிக்க வைக்கிறது.

எல்லாரும் போன பிறகு அந்தப் பெண் என்னிடம் வந்து கேட்டாள்: "மிஸ், அந்த ரெண்டு செகண்ட கட் பண்ணியிருந்தா எனக்குக் கெடச்சிருக்குமா?"

"கெடச்சிருக்கும்" என்றேன். பொய் சொல்ல வாய் வரவில்லை.

"எனக்கே டவுட்டா இருந்திச்சி மிஸ். சும்மா நிக்கிறத யாரு பாக்கப் போறாங்கன்னு."

அவளுக்குச் சொல்லாததை உன்னிடம் சொல்கிறேன். மூன்று மாதமாக மார்வலியை வைத்துக்கொண்டு, ப்ராஜெக்ட் முடியட்டும் என்று எங்களிடம் மறைத்தாயே, பாவி, அதற்கு உன்னை என்றைக்கும் மன்னிக்க மாட்டேன். ஆனால் நீ உயிரோடிருந்த அந்தக் கடைசி நாள் காலையில் நீ என் வாசலில் வந்து நின்றாய். தோளில் பை, ஒரு கை நிலைக்கதவில். நான் பிள்ளைகளுக்கு டிபன் கட்டிக்கொண்டிருந்தேன், உன்னை நன்றாகப் பார்த்தேன், பார்த்துவிட்டுத்தான் கத்தினேன்: "இன்னாடி மரமாட்டம் நிக்கிற? ரயிலு போய்டும், ஓடு!"

நீ ஓடினாய்.