வயல் டப்பா

மார்ச் 3

அன்புள்ள செல்லத்துக்கு,

நலம். கண்காட்சிக்கு இன்னும் ஒரு படம் பாக்கி. வானம், மலை, வயல், ஒரு ஓட்டு வீடு, அவ்வளவுதான். மரம் மட்டை எதுவும் கிடையாது. வழக்கம்போல நான்கு எண்ணெய் வண்ணங்களையும் நீயே கலந்து, டப்பாக்களில் வானம், மலை, வயல், ஓடு என்று பெயர் ஒட்டி அனுப்பு.

எனக்குப் பச்சைக்கும் சிவப்புக்கும் வித்தியாசம் தெரியாது என்பது உன்னைத் தவிர யாருக்கும் தெரியாது, இங்கே என்னோடு இருப்பவளுக்குக்கூட. அதனால் திறப்பு விழாவுக்கு நீ வராதே. தையல் நூல் கடையில் வேலை பார்த்துப் பார்த்து, எதைப் பார்த்தாலும் நிறம் சொல்லும் வாய் உனக்கு.

உன் கணவன்

மார்ச் 9

அன்புள்ள ஓவியருக்கு,

டப்பாக்கள் அனுப்பிவிட்டேன். சிவப்பு, மஞ்சள், நீலம், வெள்ளை, இந்த நான்கு குழாய்களை வைத்தே எல்லாம் கலந்தேன். ஒன்றோடொன்று சண்டை போடாது. விழாவுக்கு வரமாட்டேன், பயப்படாதீர்கள். வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள் மனைவி

ஏப்ரல் 2

அடிப்பாவி,

என்ன காரியம் செய்தாய்? விமர்சகர் ஒருவர் என் படத்தின் முன்னால் நின்று, "வயலைச் செவப்பாக்கி, ஓட்டைப் பச்சையாக்கியிருக்கீங்களே, என்னா தைரியம் சார் உங்களுக்கு!" என்றார். "யோசிச்சுத்தான் செஞ்சேன்" என்று சமாளித்தேன். கூட்டமே கைதட்டியது.

இப்போது பதினான்காம் தேதி, எல்லோர் முன்னாலும் மேடையில் அதே படத்தை வரைய வேண்டுமாம். அதே சிவப்பு வயல், அதே பச்சை ஓடு. மறுத்தால் சந்தேகப்படுவார்கள். போனது போகட்டும், கோபத்தை விடு. டப்பாக்களை அனுப்பு செல்லம். உன்னை விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்?

உன் கணவன்

ஏப்ரல் 7

அன்புள்ள ஓவியருக்கு,

ஆமாம், வயலுக்கும் ஓட்டுக்கும் பெயரை மாற்றி ஒட்டியது நான்தான். நிறத்தின் அடர்த்தி வேறுபட்டால் கண்டுபிடித்துவிடுவீர்கள் என்று, இரண்டையும் ஒரே அடர்த்திக்குக் கொண்டுவரவே இரண்டு நாள் ஆயிற்று. ஊரே சிரிக்கும் என்று நினைத்தேன். கைதட்டினார்கள் என்று படித்ததும் ஆத்திரத்தில் அழுதேன்.

நீங்கள் கேட்டபடி நான்கு டப்பாக்களும் இந்தக் கடிதத்தோடு வருகின்றன. எல்லாவற்றிலும் அழகாகப் பெயர் ஒட்டியிருக்கிறேன். இந்த முறை சரியாகத்தான் ஒட்டியிருக்கிறேனா என்று சந்தேகம் வந்தால், கூட இருப்பவளிடம் காட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் மனைவி