சோதனைக்குக் கொடுத்த வேங்கை

வாத்தியாரே,

இன்று காலை நம்ம பேட்டை மரக்கடைக்கு ஒருவர் வந்து வேங்கையில் சாம்பிள் கேட்டார். என் கை தானாகவே வைரம் பாய்ந்த துண்டாகப் பார்த்து எடுத்தது. அறுத்த மரத்தின் வாடை ஏறியதும் உம் நினைப்பு வந்தது. நீர் போய் இரண்டு மாதம் ஆகிறது. எனக்கு இன்னும் அழுகை வரவில்லை.

நீர் முதலில் வந்தபோதும் சாம்பிள்தான் கேட்டீர்.

"மரக்கடைக்கும் கம்ப்யூட்டருக்கும் என்னவே சம்பந்தம்?" என்றேன்.

"கூரைச் சட்டத்துல போல்ட் போட்ட மூட்டு எம்புட்டு பாரத்துல பிளக்கும்னு அது முன்னாடியே சொல்லிரும் அண்ணாச்சி. என் டாக்டர் பட்டமே இதுலதான் இருக்கு. மரத்தோட பலத்தை மட்டும் நாம சரியாச் சொல்லணும்."

"பொய் சொன்னா?"

"அதுவும் பொய் சொல்லும்."

சிரித்தோம்.

பலத்தை அளக்கச் சிறு துண்டுகள் கேட்டீர். கடையில் இருந்ததிலேயே நல்லதைப் பொறுக்கிக் கொடுத்தேன். சாம்பிள் என்றால் எனக்கு அதுதான். அப்படிக் காட்டித்தான் நான் ஆள் ஆனேன். மூட்டு செய்யக் கேட்ட நீளச் சட்டங்களை நல்லதும் மட்டமும் கலந்து கிடக்கும் வழக்கமான அடுக்கிலிருந்து இறக்கினேன்.

செருப்பைக் கழற்றிவிட்டு உம் கல்லூரியில் கம்ப்யூட்டர் வைத்திருந்த குளிர் அறைக்குள் வந்து, கறுப்புத் திரையில் நீர் காட்டிய பச்சைக் கோடுகளைப் பார்த்தேன். ஒன்றும் புரியவில்லை. அடுத்த வாரம் சோதனைக்கூடத்தில் இயந்திரம் மூட்டை இழுத்தது. கம்ப்யூட்டர் சொன்ன பாரத்தில் பாதிகூட ஏறவில்லை. போல்ட் துளையிலிருந்து நுனிவரை பிளந்துவிட்டது. குனிந்து பார்த்தேன். உள்ளே வைரம் ஏறாத வெள்ளைக்கட்டை, ஈரம். அது எனக்குப் புரிந்தது.

"எங் கணக்குலதான் எங்கனயோ பிசகு அண்ணாச்சி" என்றீர்.

உம் கல்லூரிக்காரர்கள் நாலு பேர் சுற்றி நின்றார்கள். என் மரம் மட்டம் என்று என் வாயால் எப்படிச் சொல்ல? தனியாகச் சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தேன். நீர் ஒரு வருடம் சரியான கணக்கைத் திருத்தித் திருத்தி எழுதினீர். கடைசியில் எல்லாவற்றையும் கட்டி வைத்துவிட்டு, "நமக்கு இது வராது அண்ணாச்சி" என்றதும் என் கடையில்தான். காப்பி வாங்கிக் கொடுத்தேன். அப்போதும் சொல்லவில்லை. அப்புறம் ஒருநாள் நெஞ்சுவலி என்று தகவல் வந்தது.

பதினாறாம் நாள் உம் வீட்டம்மாவிடம் சொன்னேன். கணக்கு சரி, அளக்க நான் கொடுத்த துண்டு நல்ல மரம், மூட்டுக்குக் கொடுத்த சட்டம்தான் மட்டம் என்று.

"இத அவுககிட்ட சொன்னியளா?" என்று கேட்டார்கள். குரலில் கோபம் இல்லை.

"இல்ல" என்றேன்.

"சரி, சாப்பிட்டுட்டுப் போங்க" என்று எனக்கு இலை போடச் சொன்னார்கள். ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், கடைப் பேர் கெட்டுவிடும் என்று பயந்தேன் என்று சொல்ல நினைத்திருந்தேன். மோர் வரும்வரை பார்த்தேன். யாரும் கேட்கவில்லை. அந்தப் பதில் இன்னும் என்னிடமே இருக்கிறது.