பத்து நிமிடம் கூட்டி வைத்த கடிகாரம்

இன்று காலை கடையில் மண்ணெண்ணெய் டின் ஒன்று ஒழுகித் தரையெல்லாம் நனைந்துவிட்டது. சாக்கைப் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தேன். போன எண்ணெயை நினைத்து வயிறெரிய வேண்டிய நேரத்தில் உன் நினைவு வந்துவிட்டது. நீ முதன்முதலாகப் பழுது பார்த்த கைக்கடிகாரமும் இப்படித்தான் மணத்தது.

கல்யாணமாகி நாம் லுணுகலையில் கடை வைத்திருந்த காலம் அது. இலங்கைக்கு வெளிநாட்டுச் சாமான் வருவது நின்று, புதுக் கடிகாரம் கண்ணில் படாத நேரம். ஓடாத பழைய கடிகாரங்களை ஒரு பை நிறைய மலிவாக வாங்கி வந்தேன். ஓட வைத்து விற்றால் நல்ல லாபம். ஓட வைப்பது யார் என்றுதான் நான் யோசிக்கவில்லை. என் விரலுக்கு அந்தத் திருகாணிகள் அகப்படவே இல்லை. நீ இடுக்கியைப் பிடுங்கிக்கொண்டாய். "வெங்காய மூட்டை தூக்குற கைக்கு இது சரிவராதுங்க. தள்ளுங்க."

கற்றுக்கொடுக்க ஆள் கிடையாது. ஒன்றைக் கழற்றி, கழற்றிய வரிசையிலேயே சக்கரங்களைத் தட்டில் அடுக்கி, திரும்பப் பூட்டிப் பார்ப்பாய். முதல் நாளே ஒரு திருகாணி தெறித்துக் காணாமல் போயிற்று. மறுநாள் என் பழைய வேட்டியின் ஓர் ஓரத்தை மேசை விளிம்பில் ஆணியடித்து, மறு ஓரத்தை இடுப்பில் சொருகிக்கொண்டு உட்கார்ந்தாய். எது தெறித்தாலும் மடியில் விழும். அந்தப் புத்தி எனக்கு வந்திருந்தால் ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்திருப்பேன்.

ஆனால் சக்கரங்களை மண்ணெண்ணெயில் கழுவினாய். அது சரியாகக் காயாமல் உள்ளே பிசுக்காகத் தங்கிவிட்டது. வாங்கிப்போன தேயிலைத் தோட்டத்துக் கங்காணி ஒரே வாரத்தில் திரும்பி வந்தார். "மொதலாளி, ஒங்க கடியாரம் கடைத்தெருவுல ஓடுது, மலை ஏறுனா நின்னுக்குது. அதுக்கும் மூச்சு வாங்குதா?"

நீ அதை உள்ளங்கையில் பொத்திப் பிடித்தாய். சூடு ஏறியதும் ஓடத் தொடங்கியது. "குளிர்ல பிசுக்கு இறுகிப் போவுது. உள்ள சாவி மிச்சமிருந்தா, சூடு பட்டதும் எளகி ஓடுது" என்றாய். அதன் பிறகு பெட்ரோலில்தான் கழுவினாய்.

அந்த ஒரு விஷயத்தை வைத்துக்கொண்டுதான் நான் செல்லம்மாவுக்குப் பதில் சொல்லப் போனேன்.

செல்லம்மா பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவள். அவள் கடைக்கு வந்த நாளுக்கு ஒரு மாதம் முன் அடைமழையில் ஆற்றைக் கடந்து வர வேண்டிய அவள் புருஷன் வரவில்லை. தேடினார்கள். உடல் கிடைக்கவில்லை. தோட்டத்து ஆட்களை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பும் ஒப்பந்தத்தில் அந்தக் குடும்பத்துக்கும் பாஸ்போர்ட் வந்து, கப்பலுக்கு நாளும் குறித்தாயிற்று. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பு என்று அண்ணன்மார் நெருக்குகிறார்கள். போய்விட்டால், அவன் திரும்பி வந்தால் அவர்கள் குடியிருந்த லயத்து அறையில் வேறு யாரோ இருப்பார்கள். போகாவிட்டால் இன்னொரு தடவை விடுவார்களா என்று யாருக்கும் தெரியாது.

அன்று பட்டப்பகலிலேயே பனிமூட்டம் இறங்கியிருந்தது. செல்லம்மா கடைக்குள் வந்தாள், அவள் பின்னால் தோட்டத்தில் புல் வெட்டுகிற கறுப்பையா. உள்ளங்கையை விரித்தாள். புருஷனுடைய கடிகாரம், நாம் முதலில் மண்ணெண்ணெயில் கழுவி விற்றதில் ஒன்று.

"அக்கா, ஓடுதுக்கா."

ஆற்றுக்கு மேலே, பாறை இடுக்கில், மழை படாத இடத்தில், வாரை மடித்து வைத்தபடி இருந்ததைக் கறுப்பையா கண்டெடுத்தானாம்.

"நீ எடுக்கறப்பவே ஓடுச்சா?" என்று கறுப்பையாவைக் கேட்டேன்.

"தெரியலீங்களே மொதலாளி. மடியில கட்டிக்கிட்டேன். லயத்துல அவுத்தப்ப டக்குடக்குன்னுச்சு."

செல்லம்மா உன்னையே பார்த்தாள். "ஒருக்கா சாவி குடுத்தா ரெண்டு நாள்கூட ஓடாதுல்ல அக்கா? அப்ப யாரு சாவி குடுத்தது?"

நீ வாய் திறப்பதற்குள் நான் பேசினேன். பிசுக்கையும் குளிரையும் மடிச் சூட்டையும் விளக்கிவிட்டு, சுவர்க் கடிகாரத்தையும் காட்டினேன். "நேரத்தப் பாரு புள்ள. சுவத்துக் கடியாரத்தவிட இது பத்து நிமிஷம் கூட காட்டுது. ஆள் கை பட்டிருந்தா சரியான நேரமில்ல வச்சிருக்கும்?"

அவள் முகம் மாறியது. "அவரு எப்பவும் பத்து நிமிஷம் கூட்டித்தான் வைப்பாரு மொதலாளி. காலையில பெரட்டுல பேர் குடுக்கப் பிந்திப் போனா வேல இல்லேன்னு திருப்பி அனுப்பிருவாங்கன்னு."

சட்டென்று கறுப்பையா பக்கம் திரும்பினேன். "நீ முள்ளத் திருப்பினியா?"

"எனக்கு மணி பாக்கவே தெரியாதுங்களே."

நீ கடிகாரத்தை வாங்கி, சாவியை இரண்டு விரலால் திருகிப் பார்த்தாய். கொஞ்சமும் திரும்பவில்லை. "சாவி முழுக்க நெறஞ்சிருக்கு" என்றாய் மெதுவாக. பின்மூடியைத் திறக்கக் கத்தியை எடுத்தபோது செல்லம்மா அதன்மேல் கையை வைத்தாள்.

"வேணாங்க்கா. தொறக்காதீங்க. நா போறதா, இருக்கறதா? அத மட்டும் சொல்லுங்க."

எதைக் கண்டாலும் கழற்றிப் பார்க்கிற நீ, கத்தியைக் கீழே வைத்தாய். "கடியாரத்துக்குள்ள இருக்கறதுதான் எனக்குத் தெரியும். அவரு மனசுல இருந்தது ஒனக்குத்தான் தெரியும். அவரு எதுக்குக் கூட்டி வைப்பாரு?"

"பிந்திரக் கூடாதுன்னு" என்றாள். சொன்னதைத் தானே கேட்டவள்போல் அப்படியே நின்றாள். கடிகாரத்தை எடுத்துக் காதில் வைத்தாள். "கெளம்புன்னு சொல்றாரு" என்றாள் பிறகு. அழவில்லை.

குறித்த நாளில் பதுளை பஸ்ஸில் அவர்களை ஏற்றிவிட இருவரும் போனோம். கடிகாரம் அவள் மெலிந்த கையில் தொங்கியது. பஸ் வளைவில் திரும்பும்போது ஜன்னல் வழியே அந்தக் கையைத் தூக்கிக் காட்டினாள். நமக்கல்ல. மேலே தேயிலைக்கு நடுவே, மூட்டத்துக்குள் யாருக்கோ. நான் அந்தப் பக்கம் திரும்பப் போனேன். நீ என் முழங்கையைப் பற்றினாய்.

"பாக்காதீங்க. அது அவங்க ரெண்டு பேர் சங்கதி. வாங்க, கடையத் தொறப்போம்."

அதன் பிறகு நாம் அதைப் பற்றிப் பேசவே இல்லை. கடை பதுளைக்கு வந்தது, பெரிதாயிற்று, நீ போய்ச் சேர்ந்தாய். நான் எதையும் நிறுத்துப் பார்த்துத்தான் வாங்குவேன் என்பது உனக்குத் தெரியும். ஆனால் சரக்கோடு லுணுகலைக்குப் போகும் போதெல்லாம் அந்த வளைவில் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொள்வேன்.

போன வாரம் தனியாகத்தான் வேனை ஓட்டிப் போனேன். வளைவு வந்தது. இனித் தடுக்க யார் இருக்கிறார்கள், ஒரு தடவை பார்த்தால்தான் என்ன என்று தோன்றியது. கழுத்து பாதி திரும்பிவிட்டது. அப்போது முழங்கையில் ஒரு பிடி. அதே இடத்தில், அதே அழுத்தத்தில். பக்கத்து இருக்கையில் யாரும் இல்லை.

"சரி புள்ள, பாக்கல" என்று வாய்விட்டே சொன்னேன். வேன் வளைவைத் தாண்டும்வரை நீ விடவில்லை.